ஓரத்திலிருந்து எழுபது

கடலூர் துறைமுகச் சாலையில் ஓர் ஐஸ் பிளான்ட்.
உள்ளே உறைகுளிர், வாசலில் பங்குனி வெயில்.
நடுவே தரையைக் குறுக்கே பிளந்து
விரல் அகலத்தில் ஒரு விரிவு மூட்டு;
உள்ளே தார் அட்டை, மேலே மீன்செதில்.
உள்தளம் சுருங்கும் நேரத்தில் வெளித்தளம் விரியும்.
ஒன்றின் பாடு மற்றொன்றுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்
பிளந்து வைத்திருக்கிறார்கள்.

ஹமீது மரைக்காயருக்கு லாரி நிற்க ஒரு கூரை வேண்டும்.
நான்கு தூண். மூன்றில் வம்பில்லை.
நான்காவது மூட்டின் கரையிலேயே வந்து நிற்கிறது.
அடித்தகட்டின் இரண்டு போல்ட்டுகள்
ஓரத்திலிருந்து எழுபது மில்லிமீட்டர்.

"அந்தாண்டையும் கான்கிரீட்டுதானே மேடம்"
என்றார் கலியமூர்த்தி, டிரில்லைத் துடைத்தபடி,
என் முகத்தைப் பார்க்காமல்.

கான்கிரீட்டுதான்.
வேறு கான்கிரீட்டு.

தூண் அழுத்துவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்.
என் பயம் காற்று தூக்குவதில்.
கூரைக்கடியில் புகுந்த காற்று தூணைப் பிடுங்கும்,
தூண் போல்ட்டைப் பிடுங்கும். இரும்பு தாங்கிவிடும்.
போல்ட்டின் நுனியிலிருந்து மேல்நோக்கி விரிந்து
புனல் வடிவில் பெயர்ந்து வருவது தரை.
அந்தப் புனலுக்கு வாய் முழுதாக வேண்டும்,
சுற்றிலும் இருநூற்று ஐம்பத்தைந்து.
இங்கே ஒரு பக்கம் எழுபதிலேயே வாய் உடைந்திருக்கிறது.

கரண்ட் போன இரவில், திருப்பாதிரிப்புலியூரில்,
மூன்று முறை கணக்குப் போட்டேன்.
பாதிதான் தேறியது.

"நங்கூரம்னா எங்களுக்குத் தெரியாதாம்மா?"
மரைக்காயர் சிரித்தார். தெரியாமலா?
சேற்றில் விட்ட நங்கூரம் கொஞ்சம் இழுபடும்,
பிறகு எங்காவது பல் பதிந்து நிற்கும்.
கான்கிரீட்டில் இரண்டாம் பிடி கிடையாது.
ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தூணை ஓர் அடி உள்ளே தள்ளி வரைந்தேன்.
லாரி ஒருமுறை கூடுதலாக ஒடித்துத் திரும்ப வேண்டும்.
அந்த ஓர் அடிக்கு ஒன்பது நாள் பேச்சு:
டீசல் விலை, வஞ்சிர விலை, என் வயது.

ஒன்பதாம் நாள் கலியமூர்த்தி
சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து
மேசையில் வைத்தார். உள்ளங்கை அகலம்,
ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் ஜல்லி.
"பழைய வரைபடத்தை வச்சு, நீங்க வர்றதுக்கு முந்தியே
ஒரு ஓட்டை போட்டேன்.
பாதியிலேயே ஓரம் வர்க்கி மாதிரி உதிர்ந்துடுச்சு.
சிமெண்ட் பூசி மூடிட்டேன். தூக்கம் வரல."

மரைக்காயர் அதை வாங்கினார், புரட்டினார்,
முகர்ந்துகூடப் பார்த்தார்.
"தள்ளிப் போடுங்க" என்றார்.
என் பதினோரு பக்கக் கணக்கை
கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

புதிய இடத்தில் நான்கு துளை.
ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதினோம்;
தூசியை விட்டால் பசை தூசியைத்தான் கட்டிக்கொள்ளும்.
இழுவைச் சோதனையில் முள் நாற்பதில் நின்றது.
கலியமூர்த்தி மூச்சு விட்டபோது
நானும் விட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி முடியும் நேரம்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு;
இருட்டுவதற்குள் ஏழு.
தாளில் காற்றின் வேகம் ஓர் எண்.
என் ஜன்னலில் அது எண்ணாக இல்லை.
எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன்.
எழுந்து மறுபடி போட்டேன்.

இரண்டு மணிக்கு போன்.
"முழிச்சிட்டுதான் இருப்பீங்கன்னு தெரியும்.
நாலு நட்டும் கை வச்சுப் பார்த்தேன். அசையல."
பின்னால் தகரம் அடித்துக்கொள்ளும் ஓசை.
"இந்த ஜாயிண்டுதான் மேடம்,
எவ்வளவு தண்ணி வந்தாலும்
குடிச்சுக்கிட்டே இருக்கு."